சின்ன சண்டை ரூல்ஸை வச்சு பெரிய போர் ஆடறது எப்படி: முழுமையான வழிகாட்டி

மினியேச்சர் ஆட்டம்னா மேஜை மேல சின்னப் பொம்மைப் படை வச்சு ஆடற போர் ஆட்டம், அதுல ஒண்ணா நகர்ற பொம்மைக் கூட்டம்தான் யூனிட். ரெண்டு பேர் ஆளுக்கு ஆறு யூனிட் வச்சு ரெண்டு மணி நேரத்துல முடிக்கற அந்த ஆட்டத்தை, எட்டு பேர் நூறு யூனிட் வச்சு ஒரு முழு நாள் ஆடணும்னு ஆசைப்படறவங்களுக்கு இது. புதுசா ரூல்ஸ் எழுத வேண்டாம், உங்க எல்லாருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச ரூல்ஸையே எடுத்து வெட்டி ஒட்டித்தான் பண்ணப் போறோம். ஆனா எதை முதல்ல வெட்டறது, எதைத் தொடவே கூடாதுங்கறதுலதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க, நானும் விழுந்தேன்.

முதல் தடவை நாங்க பண்ணது சிம்பிள். மேஜையைப் பெருசாக்கினோம், படையைப் பெருசாக்கினோம், ரூல்ஸை அப்படியே விட்டுட்டோம். காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாலாவது டர்ன் (ரெண்டு பக்கமும் ஒரு தடவை ஆடி முடிக்கற சுற்று) பாதியில நிக்கறோம், வலது ஓரத்துல ரெண்டு குதிரைப்படை மட்டும் மோதியிருக்கு, மத்தவங்க எல்லாம் இன்னும் நடந்துக்கிட்டே இருக்காங்க. அதுல ஒருத்தர் அன்னைக்கு முழுக்க ஒரு டைஸ் கூட உருட்டல.

1. ரூல்ஸைத் தொடறதுக்கு முன்னாடி நிமிஷத்தை எண்ணுங்க

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. பெரிய ஆட்டத்துல உங்க எதிரி அந்தப் பக்கம் நிக்கறவர் இல்ல, கடிகாரம்.

கணக்கு இப்படி. பத்துல இருந்து அஞ்சு வரைக்கும் 7 மணி நேரம். படையை அடுக்கி சிச்சுவேஷனை விளக்க 45 நிமிஷம், சாப்பாட்டுக்கு 45, கடைசில எடுத்து வைக்க 30, அப்போ கைல மிஞ்சறது 5 மணி நேரம், அதாவது 300 நிமிஷம். ஒரு போர் ஒரு முடிவுக்கு வரணும்னா நெருங்கறதுக்கு மூணு டர்ன், முதல் மோதலுக்கு மூணு, பின்னாடி காத்திருக்கற ரிசர்வ் படை உள்ள வந்து தீர்க்கறதுக்கு இன்னொரு மூணுன்னு குறைஞ்சது 9 டர்ன் வேணும். 300ஐ 9ஆல வகுத்தா ஒரு டர்னுக்கு 33 நிமிஷம், ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஆடினா ஒரு பக்கத்துக்கு 16 நிமிஷம்தான். அந்தப் பக்கத்துல நாலு பேர், ஆளுக்கு 12 யூனிட், நாலு பேரும் ஒரே நேரத்துல ஆடறாங்கன்னே வச்சுப்போம், அப்பவும் ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கறது 80 செகண்ட். நகர்த்தறது, சுடறது, கைகலப்பு, மொரேல் (படை நிக்குமா பயந்து ஓடுமாங்கற சோதனை) எல்லாம் இந்த 80 செகண்டுக்குள்ள.

இப்போ ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டு ஒரு சாதாரண ஆட்டம் ஆடிப் பாருங்க. எங்க ரூல்ஸ்ல 20 பொம்மை உள்ள ஒரு யூனிட்டை ஒவ்வொண்ணா நகர்த்த ஒன்றரை நிமிஷம், சுட்டு முடிக்க 2 நிமிஷம், கைகலப்புன்னா 4 நிமிஷம் ஆச்சு. எல்லா யூனிட்டும் எல்லா டர்னும் சுடாது, அதனால சராசரி 3 நிமிஷம்னு போட்டேன். 12 யூனிட்டுக்கு 36 நிமிஷம், ரெண்டு பக்கத்துக்கும் 72, 300 நிமிஷத்துல நாலு டர்ன். அன்னைக்கு நடந்தது அதேதான், இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

ஆக உங்க இலக்கு என்னன்னு இப்போ ஒரு நம்பராவே இருக்கு: 3 நிமிஷத்தை 80 செகண்டா ஆக்கணும். இனிமே எந்த ரூலை மாத்தறதா இருந்தாலும் "இது எத்தனை செகண்ட் மிச்சம் பண்ணுது"ன்னு கேளுங்க. ஒரு செகண்ட் கூட மிச்சம் பண்ணலைன்னா, எவ்ளோ அழகான ஐடியாவா இருந்தாலும் அது வேண்டாம்.

2. கைல என்னென்ன இருக்கணும்

ரூல்ஸ் எழுதறவருக்கு மூல ரூல்ஸ் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், புத்தகத்தைப் புரட்டிப் பாத்துத்தான் சொல்லுவேன்னா இன்னும் கொஞ்ச நாள் சின்ன ஆட்டமே ஆடுங்க. வேற வழியில்ல, ஏன்னா எந்த ரூல் எதைத் தாங்கிப் பிடிச்சிருக்குன்னு தெரியாம ஒண்ணை உருவினா மொத்தமும் சரியும்.

மேஜையோட நீளம் எவ்ளோ வேணா இருக்கட்டும், ஆழம் 6 அடியைத் தாண்டக் கூடாது. நடுவுல இருக்கற யூனிட்டைக் கை எட்டி எடுக்க முடியலைன்னா சட்டைக் கை பட்டு நாலு பொம்மை விழும், ஒருத்தர் மேஜை மேல ஏறிப் படுப்பார், அதுல ரெண்டு நிமிஷம் போகும்.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ட்ரே கட்டாயம். மெல்லிசான அட்டையோ காந்தத் தகடோ எதுவா இருந்தாலும் சரி, 20 தடவை கை வைக்கறதுக்குப் பதிலா ஒரு தடவை தள்ளினா போதும். செலவைப் பாத்து இதைத் தள்ளிப் போடறவங்களை நிறைய பாத்திருக்கேன், அத்தனை வெட்டுலயும் அதிக நேரம் மிச்சம் பண்றது இதுதான், ரூல்ஸ்ல ஒரு வரி கூட மாத்தாமலே.

அப்புறம் ஆளுக்கு ஒரு அளவுகோல், ஆளுக்கு 20 டைஸ், ஆளுக்கு ஒரு ரூல்ஸ் ஷீட். ஒரே டேப்பை எட்டு பேர் கை மாத்திக்கிட்டு இருந்தா அதுக்காகக் காத்திருக்கறதே ஒரு தனி டர்ன். கடைசியா, ஆடாம நடுவர் வேலை மட்டும் பாக்கற ஒரு அம்பயர். ஆளே கிடைக்கலைன்னா ரூல்ஸ் எழுதினவர்தான் அந்தத் தியாகத்தைப் பண்ணணும்.

3. ஆடறவர் எந்தப் படியில நிக்கறார்னு முடிவு பண்ணுங்க

கம்பெனிகள் சேர்ந்தா பட்டாலியன், பட்டாலியன்கள் சேர்ந்தா ரெஜிமென்ட், அதுக்கு மேல பிரிகேட், அதுக்கும் மேல டிவிஷன். சின்ன ஆட்டத்துல நீங்க ஒரு பட்டாலியன் கமாண்டர், கம்பெனி எங்க திரும்பணும்னு நீங்கதான் சொல்றீங்க. பெரிய ஆட்டத்துல நீங்க ஒரு டிவிஷன் கமாண்டர். ஒரு படி மேல ஏறிட்டீங்க, அப்போ கீழ்ப்படில எடுக்கற முடிவு எல்லாம் உங்க கையை விட்டுப் போகணும்.

ரூல்ஸ் ஷீட்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்க: இந்த முடிவை ஒரு டிவிஷன் கமாண்டர் எடுப்பாரா? எடுக்க மாட்டார்னா அதை டைஸ் கிட்ட விட்டுடுங்க, இல்ல தூக்கிடுங்க.

உதாரணத்துக்கு நெப்போலியன் காலத்து சண்டை. நீள வரிசையா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிக்கற பத்தியா, குதிரைப்படையைத் தடுக்க நாலு பக்கமும் பாத்து நிக்கற சதுரமான்னு ஒவ்வொரு பட்டாலியனுக்கும் அணி மாத்தற ரூல் எல்லா சின்ன ஆட்டத்துலயும் இருக்கும், அதுதான் அந்த ஆட்டத்தோட உயிரே. ஆனா 96 யூனிட்டுக்கு அதை வச்சா ஒவ்வொரு டர்னும் ஒவ்வொரு யூனிட்டைப் பாத்தும் ஒரு யோசனை. நாங்க இதை ஒரே டைஸா மாத்தினோம். குதிரைப்படை பாயுதா, காலாட்படை ஒரு டைஸ் உருட்டும், 3 இல்ல அதுக்கு மேல வந்தா சதுரம் கட்டிடுச்சு, குதிரை திரும்பிப் போகும், 1 இல்ல 2 வந்தா மாட்டிக்கிச்சு. சதுரம் கட்டுன்னு கத்தினது பட்டாலியன் கமாண்டர், நாம இல்ல.

இதுக்கு எதிர்ப்பு வரும், "அப்போ என் திறமைக்கு என்ன மரியாதை"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். அவர் திறமை எந்த பிரிகேடை எங்க அனுப்பறதுங்கறதுல தெரியட்டும்.

4. நில அளவு: தூரத்தைக் குறைக்கும்போது எல்லாத்தையும் சேத்துக் குறைங்க

நெப்போலியனோட கடைசிப் போரான வாட்டர்லூவை எடுத்துப்போம், 1815 ஜூன் 18. முகப்பு 4 கிலோமீட்டர் சொச்சம், ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு 5 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. மேஜை 12 அடி, அதாவது 3.6 மீட்டர். 5000 மீட்டரை 3600 மில்லிமீட்டர்ல அடைக்கணும், அப்போ மேஜையில 1 மிமீ நிலத்துல கிட்டத்தட்ட 1.4 மீட்டர்.

இந்த ஒரு நம்பர் கிடைச்சாச்சுன்னா மத்ததெல்லாம் தானா வரும். 600 பேர் உள்ள ஒரு பட்டாலியன் மூணு வரிசையா நின்னா முன் வரிசையில 200 பேர், ஆளுக்கு 60 செமீ, மொத்தம் 120 மீட்டர். மேஜையில 8.6 செமீ. மஸ்கெட் (அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி) உருப்படியா அடிக்கற தூரம் 100 மீட்டர்னு வச்சா மேஜையில 7 செமீ. 12 பவுண்டர் (12 பவுண்டு குண்டு போடற) பீரங்கிக்கு 900 மீட்டர்னா 64 செமீ.

இப்போ உங்க சின்ன ஆட்டத்து ரூல்ஸைப் பாருங்க. மஸ்கெட் 12 இன்ச்னு போட்டிருக்கும், அது 30 செமீ, இந்த நில அளவுல 400 மீட்டருக்கு மேல! அப்படியே விட்டா ரெண்டு படையும் மேஜையோட நடுவுலேயே நின்னு சுட்டுக்கிட்டு இருக்கும், யாரும் எங்கயும் சுத்தி வளைக்க மாட்டாங்க, ஏன்னா வளைக்கறதுக்கு வெளி இடமே இருக்காது.

இதுக்கு ரொம்ப நாளா எல்லாரும் பண்ற சுலபமான வழி, இன்ச்னு இருக்கற இடத்துல எல்லாம் செமீன்னு படிக்கறது. 12 இன்ச் 12 செமீ ஆகும். மேல சொன்ன 7க்கு அது கொஞ்சம் அதிகம்தான், பரவால்ல, டேபிள்ல 7 செமீயை அளக்கறதுக்குள்ள சண்டை வரும்.

இங்கதான் ரெண்டு தப்பு நடக்கும்.

முதல் தப்பு, சுடற தூரத்தை மட்டும் குறைச்சுட்டு நகர்ற தூரத்தை விட்டுடறது. மூல ரூல்ஸ்ல சுடற தூரம் 12, நகர்றது 6னு இருந்தா, முன்னேறி வர்ற படை ரெண்டு வாலி (எல்லாரும் ஒண்ணா சேர்ந்து சுடறது) வாங்கிட்டுத்தான் மோதும். நகர்றதை 6 இன்ச்லயே விட்டு சுடறதை 12 செமீ ஆக்கினீங்கன்னா 15 செமீ ஒரே டர்ன்ல தாண்டிடும், ஒரு வாலி கூட விழாது, துப்பாக்கிக்காரன் சும்மா அலங்காரத்துக்கு நிப்பான். சுடறதுக்கும் நகர்றதுக்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டுக்கு ஒண்ணுங்கற விகிதத்தைத் தொடவே தொடாதீங்க, மூல ரூல்ஸ் எழுதினவர் உக்காந்து சோதிச்சுப் பாத்தது அதைத்தான்.

ரெண்டாவது தப்பு, ரெண்டையும் ஒழுங்கா குறைச்சுட்டு நடக்க வேண்டிய தூரத்தை மறந்துடறது. ரெண்டு படைக்கும் நடுவுல 120 செமீ இருக்குன்னு வைங்க, டர்னுக்கு 15 செமீ போனா ரெண்டு பேரும் எதிர் எதிர நடந்து 4 டர்ன்ல சந்திப்பாங்க. டர்னுக்கு 6 செமீன்னா 10 டர்ன், நம்ம கிட்ட மொத்தமே 9தான் இருக்கு. அதனால ஒரு மார்ச் ரூல் சேருங்க: 30 செமீக்குள்ள எதிரி இல்லாத யூனிட் மூணு மடங்கு நகரலாம், ஆனா அந்த 30 செமீ கோட்டுக்கு வந்ததும் நின்னுடணும். இந்த வழிகாட்டில ரூலை வெட்டாம புதுசா சேர்க்கற ரெண்டே இடத்துல இது ஒண்ணு. தூரத்துல இருக்கற ரிசர்வ் படைக்கும் இதனால வேலை கிடைக்கும்.

அடுத்து நெரிசல். 28 மிமீ பொம்மை, 20 மிமீ பேஸ் (பொம்மை நிக்கற அடித்தட்டு), ரெண்டு வரிசையா 12 பொம்மைன்னா யூனிட் அகலம் 12 செமீ. 3.6 மீட்டர் மேஜையில 30 யூனிட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சா இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் சுவர். கார் பார்க்கிங் மாதிரி இருக்கும், எதுவும் எங்கயும் திரும்ப முடியாது. முதல் வரிசை மேஜை அகலத்துல 60 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு வைங்க, இந்த மேஜைக்கு அது 18 யூனிட். மிச்சம் எல்லாம் ரெண்டாவது வரிசை, ரிசர்வ். தோத்த படை பின்வாங்கறதுக்கும் இடம் வேணுமே.

பட்டாலியனுக்கு 8.6 செமீதான் கணக்கு, உங்க யூனிட் 12 செமீ இருக்குன்னா பேஸைப் பிச்சு மறுபடி ஒட்டாதீங்க தயவுசெஞ்சு. அந்த யூனிட்டை ஒரு ரெஜிமென்ட்னு பேர் மாத்திடுங்க, வேலை முடிஞ்சது. 10 மிமீ, 6 மிமீ பொம்மை வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அவங்க சிரிச்சுக்கிட்டே அடுத்த பாகத்துக்குப் போகலாம்.

5. மூணு தடவை உருட்டறதை ஒரே தடவை ஆக்குங்க

ஹிட் (குறி பட்டுதா), வூண்ட் (காயம் ஆச்சா), சேவ் (அடி வாங்கினவன் தப்பிச்சானா)னு மூணு ரோல் உள்ள ரூல்ஸ்தான் நிறைய பேர் ஆடறது. ஹிட் 4+ (டைஸ்ல 4 இல்ல அதுக்கு மேல வரணும்), வூண்ட் 4+, எதிரிக்கு சேவ் 5+ன்னு வச்சுப்போம். 20 டைஸ் உருட்டி, எண்ணி, பொறுக்கி, 10 உருட்டி, எண்ணி, பொறுக்கி, எதிரி 5 உருட்டி, கடைசில 3 பொம்மை சாகும்.

பெருக்கிப் பாருங்க. பாதி, அதுல பாதி, அதுல மூணுல ரெண்டு பங்கு: 1/2 × 1/2 × 2/3 = 1/6. அதாவது 20 டைஸ் உருட்டி 6 வந்ததை மட்டும் எண்ணினா அதே விடை. சராசரி மட்டும் ஒண்ணு இல்ல, மொத்த ஏற்ற இறக்கமும் துளி மாறாம அதேதான், ஏன்னா ஒவ்வொரு டைஸும் தனித்தனியா அந்த மூணு வாசலைத் தாண்டணும், அந்த மூணையும் ஒரே வாசலா வச்சா தாண்டறதுக்கான வாய்ப்பு மாறப் போறதில்ல. இதை நான் சொன்னா யாரும் நம்பல, மேஜையில உக்காந்து ரெண்டு விதமாவும் அம்பது தடவை உருட்டிக் காமிச்ச பிறகுதான் ஒத்துக்கிட்டாங்க.

எல்லா ஜோடியும் இப்படிக் கச்சிதமா ஆறுல ஒண்ணா வராது. 3+, 3+, சேவ் 5+ன்னா 2/3 × 2/3 × 2/3, கிட்டத்தட்ட 0.30. பக்கத்துல இருக்கறது 5+, அது 0.33. அதை எடுத்துக்கோங்க, இந்த அளவு வித்தியாசத்தை நூறு யூனிட் நடுவுல யாரும் உணர மாட்டாங்க. உங்க ஆட்டத்துல வர்ற ஜோடி எல்லாத்துக்கும் வீட்லயே கணக்குப் போட்டு ஒரு சின்ன அட்டவணை பண்ணிடுங்க, ஆடும்போது யாரும் பெருக்கக் கூடாது.

இதுல ஒரு பொறி இருக்கு, மாடிஃபையர், அதாவது சூழ்நிலையைப் பாத்து டைஸ் இலக்கை ஏத்தி இறக்கற ரூல். எதிரி வேலிக்குப் பின்னாடி நிக்கறான், ஹிட் 4+க்குப் பதிலா 5+. மூல ரூல்ஸ்ல இதனால சாவு ஆறுல ஒண்ணுல இருந்து ஒன்பதுல ஒண்ணாகும், அதாவது மூணுல ரெண்டு பங்கு. ஆனா உங்க புது ரூல்ல 6+ஐ 7+ ஆக்கினா யாருமே சாக மாட்டாங்க. அதே மாதிரி ஒரு பிளஸ் 1 குடுத்து 6+ஐ 5+ ஆக்கினா சாவு ரெண்டு மடங்கு. அதனால டைஸோட இலக்கைத் தொடாதீங்க, டைஸோட எண்ணிக்கையை மாத்துங்க. வேலிக்கு 20ஐ 13 ஆக்குங்க. மாடிஃபையர் மொத்தமே மூணு இருந்தா போதும், மறைவு, பக்கவாட்டுத் தாக்குதல், களைச்ச படை. நாலாவது ஒண்ணு சேர்க்கணும்னு கை துடிக்கும், அடக்கிக்கோங்க.

இன்னும் வேகம் வேணும்னு சிலர் 20 டைஸை 5 ஆக்கி, ஒவ்வொரு 6க்கும் 4 பேர் சாவுன்னு வைப்பாங்க. சராசரி அதே 3.3தான். ஆனா ஏற்ற இறக்கம் ரெண்டு மடங்காயிடும், ஒரு வாலில யாருக்கும் ஒண்ணும் ஆகாது, அடுத்த வாலில 12 பேர் போயிடுவாங்க. பீரங்கிக்கு இது பொருந்தும், காலாட்படைக்கு வச்சா லாட்டரி.

6. சாவு எண்ணிக்கை போய் நிலைமை வரட்டும்

ட்ரேல வச்ச பொம்மையை ஒவ்வொண்ணா எடுத்தா ட்ரே வச்சதுக்கே அர்த்தமில்ல. யூனிட்டுக்கு மூணு நிலைமை வைங்க: திடம், ஆட்டம் கண்டது, உடைஞ்சது. ஒரு டோக்கன் இருந்தா ஆட்டம் கண்டது, ரெண்டாவது டோக்கன் வந்தா ட்ரேயோட மேஜையை விட்டுப் போகுது. டைஸையே டோக்கனா வைக்காதீங்க, யாராவது பழக்க தோஷத்துல எடுத்து உருட்டிடுவாங்க, நாலு தடவை நடந்திருக்கு.

எத்தனை சாவுக்கு ஒரு டோக்கன்? சின்ன ஆட்டத்துல 20 பேர் யூனிட் பாதி போனா உடையுதுன்னா, 5 சாவுக்கு ஒரு டோக்கன்னுதான் முதல்ல தோணும், நாங்களும் அப்படித்தான் வச்சோம், மிச்சத்தை டர்ன் கடைசில தூக்கிப் போட்டுடலாம்னும் வச்சோம். மூணு டர்ன் போச்சு, ஒரு யூனிட் கூட ஆட்டம் காணல. ஒரு வாலிக்கு சராசரி 3.3 சாவுதான், அது 5ஐத் தொடறது கிட்டத்தட்ட நாலு வாலில ஒண்ணுதான், ஒவ்வொரு டர்னும் அந்த 3ஐ நாங்களே குப்பையில போட்டுக்கிட்டு இருந்திருக்கோம். இரும்புல செஞ்ச படை.

சரி பண்ணது இப்படி. 6 சாவுக்கு ஒரு டோக்கன். மிச்சம் இருந்தா ஒரே ஒரு டைஸ் உருட்டுங்க, மிச்சத்துக்குச் சமமாவோ கம்மியாவோ வந்தா ஒரு டோக்கன். 3 சாவு மிச்சம்னா 1, 2, 3 வந்தா டோக்கன். ஆறு பக்கத்துக்கு ஆறு சாவு, கணக்கு கச்சிதமா நேராயிடும், சராசரில ஒண்ணும் வீணாகாது, எழுதி வைக்க வேண்டியதும் இல்ல. அஞ்சுக்குப் பதிலா ஆறுங்கறதால படை கொஞ்சம் உறுதியாகும், பெரிய ஆட்டத்துக்கு அது நல்லதுதான்.

மொரேலை யூனிட்ல இருந்து எடுத்து பிரிகேடுக்குக் குடுங்க. 4ல இருந்து 6 யூனிட் ஒரு பிரிகேட். மூணுல ஒரு பங்கு போனா அது முன்னேறாது, பாதி போனா பின்வாங்கும். டர்னுக்கு ஒரு பக்கத்துல 40 மொரேல் டெஸ்ட் எடுத்த இடத்துல இப்போ டெஸ்ட்டே இல்ல, எண்ணிப் பாத்தா போதும்.

7. யார் எப்போ ஆடறது

ஒரு பக்கம் முழுக்க ஆடி முடிச்சு அடுத்த பக்கம் ஆடினா நாலு பேர் கால் மணி நேரம் சும்மா நிப்பாங்க, நின்னவங்க டீ குடிக்கப் போவாங்க, போனவங்களைக் கூட்டிட்டு வர இன்னொருத்தர் போவார். சீட்டு எடுத்து பிரிகேட் பிரிகேடா ஆடறது சின்ன ஆட்டத்துல அருமையா இருக்கும், எட்டு பேர் இருக்கும்போது ஒருத்தர் ஆட ஏழு பேர் வேடிக்கை. யூனிட்டுக்கு யூனிட் மாத்தி மாத்தி ஆடறதைப் பத்தி நான் பேசவே விரும்பல.

வேலை செஞ்சது இதுதான்: நகர்றது பக்கம் பக்கமா, சுடறதும் கைகலப்பும் எல்லாரும் ஒரே நேரத்துல. மேஜையை நாலு பகுதியா மனசுல பிரிச்சுக்கோங்க, எதிர் எதிர நிக்கற ஜோடி தங்களுக்குள்ள சுட்டு முடிச்சுக்கும். டோக்கனை எல்லாரும் சுட்டு முடிச்ச பிறகுதான் வைக்கணும். இது ஏன்னா, யார் முதல்ல சுட்டாங்கங்கற சண்டை வராது, முதல்ல அடி வாங்கினவனும் திருப்பி அடிப்பான், நாலு ஜோடியும் ஒருத்தரை ஒருத்தர் எதிர்பாக்காம ஓடும்.

ஆனா ஒரு ஜோடி அடுத்த டர்னுக்குள்ள ஓடிடக் கூடாது. வேகமா ஆடற ரெண்டு பேர் ஓரத்துல இருந்தா அவங்க அஞ்சாவது டர்ன்ல இருப்பாங்க, நடுவுல இருக்கறவங்க மூணாவதுல, அப்புறம் ஓரத்துல ஜெயிச்ச குதிரைப்படை நடுவுக்கு வரும்போது அது எந்தக் காலத்துல இருந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. அம்பயர் கைல மணி இருக்கட்டும். நகர்றதுக்கு 6 நிமிஷம், மணி அடிச்சதும் கை வைக்காத யூனிட் நின்ன இடத்துலயே நிக்கும். முதல் டர்ன்ல கறாரா ஒரு தடவை இதைப் பண்ணிட்டீங்கன்னா அப்புறம் மணியே அடிக்க வேண்டாம்.

8. உத்தரவு

வெட்டறது போதும், சேர்க்க வேண்டிய ரெண்டாவது விஷயம் இது. இதைச் சேர்க்கலைன்னா நாலு பேர் ஒரே பக்கமா ஆடறது நாலு தனித்தனி ஆட்டம் பக்கத்துல பக்கத்துல நடக்கற மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொரு பிரிகேடுக்கும் ஒரு உத்தரவுச் சீட்டு, கவிழ்த்து வச்சது: தாக்கு, நில், நகர், பின்வாங்கு. தாக்குன்னு வாங்கின பிரிகேட் எதிரியை நோக்கிப் போயே ஆகணும், நில்னு வாங்கினது முன்னேறக் கூடாது. சீட்டை மாத்தணும்னா ஒரு பக்கத்துக்கு ஒருத்தர்னு இருக்கற தலைமைத் தளபதி மாத்தணும், அவர்கிட்ட இருந்து 60 செமீக்குள்ள இருக்கற பிரிகேடுக்கு அடுத்த டர்ன்ல போய்ச் சேரும், அதுக்கு மேல ஒவ்வொரு 60 செமீக்கும் இன்னொரு டர்ன் தாமதம்.

நேரம் எப்படி மிச்சமாகுதுன்னா, உத்தரவு போட்டாச்சு, யோசிக்க ஒண்ணுமில்ல, கை தானா நகரும். நான் நேரம் எடுத்துப் பாத்ததுல ட்ரேக்கு அடுத்து அதிகம் மிச்சம் பண்ணது இதுதான், நானே எதிர்பாக்கல.

தலைமைத் தளபதிக்குச் சொந்தப் படை குடுக்காதீங்க. குடுத்தா அவர் தன் 12 யூனிட்டைப் பாத்துக்கிட்டு இருப்பார், மத்தவங்க கத்தறது காதுல விழாது. அவர் வேலை சீட்டும் ரிசர்வும் மட்டும். "அப்போ எனக்கு போர் அடிக்கும்"னு யாரும் சொன்னதில்ல, அந்த இடத்துக்குத்தான் அடுத்த தடவை போட்டி.

9. மேஜையும் சூழ்நிலையும்

காட்டை ஒரு துணியா விரிச்சு மேல எடுக்கக்கூடிய மரமா வைங்க, யூனிட் உள்ள போனா மரத்தை எடுத்துடலாம். ஊர்னா வீடு வீடா சண்டை வேண்டாம், ஒரு கட்டம், உள்ள ரெண்டு யூனிட் நிக்கும், அவ்ளோதான். சின்னச் சின்ன வேலி, புதர் எல்லாம் அழகுக்கு, ரூல்ஸ்ல கணக்கில்லைன்னு முதல்லயே சொல்லிடுங்க.

ஜெயிக்கறதுக்கு மூணு இடம் குறிச்சு, கடைசி டர்ன்ல யார் கையில ரெண்டு இருக்கோ அவங்க பக்கம். எதிரியை முழுக்க அழிக்கணும்னு வச்சா முடிவே வராது.

படை முழுக்க சீக்கிரம் அழிஞ்சு உக்காந்துடறவர் கண்டிப்பா ஒருத்தர் இருப்பார், பெரும்பாலும் குதிரைப்படை வச்சிருந்தவர். பின்னாடி வர்ற ரிசர்வை யாருக்கும் முன்கூட்டியே குடுக்காம வச்சிருந்து அவர்கிட்ட குடுங்க.

10. கால் மேஜை ஒத்திகை

எட்டு பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு பேர், மேஜையில கால்வாசி, ஆளுக்கு 12 யூனிட், ஸ்டாப்வாட்ச். மூணு டர்ன் போதும். யூனிட்டுக்கு 80 செகண்ட் வந்துடுச்சான்னு பாருங்க. வரலைன்னா எந்தக் கட்டத்துல நேரம் போகுதுன்னு பாத்து அதை மட்டும் மாத்துங்க, ஒரே நேரத்துல மூணு மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. நீங்க 80 எடுத்தா புதுசா வர்றவங்க 120 எடுப்பாங்க, அதனால ஒத்திகையில 60க்குக் கொண்டு வந்துட்டுத்தான் தேதி குறிக்கணும்.

ரூல்ஸ் ஒரு பக்கத்துல அடங்கணும். அடங்கலைன்னா எழுத்தைச் சின்னதாக்காதீங்க, ரூலை வெட்டுங்க. அந்தப் பக்கத்தை ரெண்டு நாள் முன்னாடியே எல்லாருக்கும் அனுப்புங்க, யாரும் படிக்க மாட்டாங்க, ஆனாலும் அனுப்புங்க, "எனக்குத் தெரியாதே"ங்கற பேச்சுக்கு அம்பயர் கையில ஒரு பதில் இருக்கும்.

ஆட்ட நாள்ல ஷீட்ல இல்லாத ஒரு சிக்கல் வந்தா அம்பயர் பத்து செகண்ட்ல ஒரு டைஸ் போட்டு முடிச்சுட்டு, அதை ஒரு பேப்பர்ல குறிச்சு வைக்கணும், விவாதம் எல்லாம் ஆட்டம் முடிஞ்ச பிறகு. மூணாவது டர்ன் முடிஞ்சதும் கடிகாரத்தைப் பாருங்க, 100 நிமிஷத்துக்குள்ள இருக்கணும். 130ஐத் தாண்டியிருந்தா அங்கயே ஒரு முடிவு எடுங்க, ரெண்டு பக்க ரிசர்வையும் ஒரு டர்ன் முன்னாடி இறக்கி, மொத்தம் 7 டர்ன்தான்னு உடனே சத்தமா அறிவிச்சுடுங்க. கடைசி டர்ன் எதுன்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் அந்த மூணு இடத்தைப் பிடிக்க யாராவது ஓடுவாங்க.